வெள்ளை வேட்டி, கருங்கல் மண்டபம்: எந்த வெளிச்சத்துக்கு எந்த ஃபிலிம்?

உச்சி வெயில் நேரம். வெள்ளை வேட்டி கட்டியவர் வேப்பமரத்தடியில் நிற்கிறார். முகம் நிழலில், வேட்டியில் பாதி வெயிலில். ரோல்கள் வீணாவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான். கேமராவின் ஒளிமீட்டர் வேட்டியைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கரிக்கட்டையாகும்.

அதனால் எத்தனை ஏஎஸ்ஏ (ஃபிலிமின் ஒளி உணரும் வேகம்) என்று யோசிக்கும் முன்பு, வெயிலுக்கும் நிழலுக்கும் எத்தனை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) வித்தியாசம் என்று அளந்துவிடுங்கள். வெயில் பட்ட வேட்டியருகே ஒரு ரீடிங், கன்னத்தருகே ஒரு ரீடிங். வித்தியாசம் மூன்று ஸ்டாப்புக்குள் என்றால் ஸ்லைடு ஃபிலிம் (நேரடியாகப் பாசிட்டிவ் படம் தருவது) தாங்கும். நான்கைத் தாண்டினால் வெல்வியா, எக்டாக்ரோம் போன்ற ஸ்லைடு எதையும் தொடாதீர்கள், கலர் நெகட்டிவ்தான். போர்ட்ரா 400 என்ற கலர் நெகட்டிவ் ரோலை மீட்டரில் 200 என்று வைத்து, கன்னத்து ரீடிங்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கறுத்த தோலில் எடுத்த ரீடிங் ஏற்கெனவே ஒரு ஸ்டாப் கூட்டித்தான் காட்டும். ஆக மொத்தம் இரண்டு ஸ்டாப் கூடுதல், போர்ட்ரா அதைச் சிரமமில்லாமல் தாங்கும். லேபில் ‘நார்மல்’ என்றே கொடுங்கள், புல் செய்யச் (கழுவும் நேரத்தைக் குறைக்கச்) சொல்ல வேண்டாம். ஸ்லைடில் இதே ரீடிங்கை வைத்தால் வேட்டி வெறும் வெள்ளையாகிவிடும். அங்கே ஒரு ஸ்டாப் குறைத்தே ஆக வேண்டும்.

* * *

மேலே சொன்னதோடு ஷட்டரையும் சேர்த்துப் பாருங்கள். பென்டாக்ஸ் கே1000 போன்ற கேமராவில் அதிகபட்சம் 1/1000 நொடிதான். நல்ல வெயிலில் 400 ஃபிலிம் போட்டால் அந்த வேகத்தில் எஃப் 11க்குக் கீழே இறங்க (லென்ஸ் துவாரத்தை இன்னும் விரிக்க) முடியாது. பின்னணியை மங்கலாக்க நினைத்தவருக்கு ஏமாற்றம்தான். அதே வெயிலில் 100 ஃபிலிம் என்றால் எஃப் 5.6 வரை வரலாம். மதியம் முழுக்க வெளியில்தான் என்றால் 100 போடுங்கள். எக்டார் 100 கடலுக்கும் கோபுர வண்ணத்துக்கும் அருமை. ஆனால் முகத்தில் சிவப்பு தூக்கலாக வரும், வெளிச்சம் குறைந்தால் நிழலில் நீலம் ஏறும்.

* * *

கோயில் பிரகாரம், அனுமதி உள்ள இடத்தில். விளக்கொளி மட்டும் என்றால் 400 ஃபிலிமுக்கு எஃப் 2, 1/15 என்று மீட்டர் காட்டுவது சகஜம். கையில் பிடித்தால் ஆடும். எச்பி5 பிளஸ் (400 வேகக் கறுப்பு-வெள்ளை ஃபிலிம்) போட்டு மீட்டரை 1600இல் வையுங்கள், 1/60 கிடைக்கும். ஐடி-11 டெவலப்பர் ஸ்டாக்கில் (மேற்கொண்டு தண்ணீர் கலக்காமல்) 20 டிகிரியில் வழக்கமான ஏழரை நிமிடத்துக்குப் பதில் 14 நிமிடம். ஒன்று மறக்காதீர்கள்: இப்படிப் புஷ் செய்வதால் (குறைவாகப் பதித்து அதிக நேரம் கழுவுவதால்) நிழலில் புது விவரம் வராது. கான்ட்ராஸ்ட்தான் ஏறும், கருங்கல் தூணின் இருண்ட பக்கம் இருண்டே இருக்கும்.

தூணின் செதுக்கல்தான் முக்கியம் என்றால் டிரைபாடில் வைத்து 400ஆகவே எடுங்கள். ஒரு நொடிக்கு மேல் போனால் ஃபிலிம் சோம்பிவிடும், நேரத்தைக் கூட்ட வேண்டும். எச்பி5க்கு இல்ஃபோர்ட் கொடுக்கும் கணக்கு, மீட்டர் காட்டும் நொடியை 1.31 என்ற அடுக்குக்கு உயர்த்துவது. மீட்டர் 10 நொடி சொன்னால் 20 நொடி திறக்கணும், 30 சொன்னால் 86.

* * *

மார்கழிக் கச்சேரிக்கு டெல்டா 3200 என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிம் நல்லது. ஆனால் பெட்டியில் உள்ள எண்ணை நம்பி ஏமாறாதீர்கள், அதன் உண்மை வேகம் 1000 பக்கம்தான். 1600 வைத்தால் வித்வானின் கண்ணுக்குள் விவரம் கிடைக்கும். கலர்தான் வேண்டும் என்றால் சினிஸ்டில் 800டி (விளக்கொளிக்கான ஃபிலிம்). அது கோடக்கின் 500டி சினிமா ஃபிலிமில் பின்னால் இருந்த கரும்பூச்சை நீக்கியது. அதனால்தான் பல்பைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழுகிறது. பகலில் போட்டால் எல்லாம் நீலமாகும், 85பி என்ற ஆரஞ்சு ஃபில்டர் தேவை. பூச்சு நீக்காத சினிமா ஃபிலிமைச் சாதாரண சி-41 (கலர் நெகட்டிவ் கழுவும் முறை) லேபில் கொடுக்கவே கூடாது. அந்தக் கரி மற்றவர்களின் ரோலிலும் ஒட்டும்.

* * *

உதகைப் பனிமூட்டத்துக்கு ஒரே வரி: மீட்டர் காட்டுவதற்கு மேல் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், இல்லாவிட்டால் பனி சாம்பலாகும். (அந்த ஊரிலேயே ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ ரோல் செய்த காலம் ஒன்று இருந்தது. இன்று ஒவ்வொரு ரோலும் கடல் கடந்து வருகிறது, வீணாக்க மனம் வருவதில்லை.)

* * *

வீட்டிலேயே ஃபிலிம் கழுவுபவர்கள் நம் ஊர் வெயிலையும் கணக்கில் வையுங்கள். கோடையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரி இருக்கும். அதில் ஏழரை நிமிட டெவலப் நேரம் ஐந்துக்கும் கீழே போய், படம் திட்டுத்திட்டாக வரும். ஐடி-11ஐச் சரிபாதி தண்ணீர் கலந்து, ஐஸ் பாக்கெட்டை வெளித்தொட்டியில் போட்டு 24 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். எச்பி5க்கு 400 வேகத்தில் 20 டிகிரியில் 13 நிமிடம் என்பது அங்கே ஏறக்குறைய 9 நிமிடமாகும். பிரிட்ஜில் வைத்த ரோலை டப்பா திறக்காமல் ஒன்றரை மணி நேரம் வெளியில் வையுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் ஈரம் பூத்து, எமல்ஷனில் புள்ளி விழும். பான் எஃப் (வேகம் குறைந்த கறுப்பு-வெள்ளை ஃபிலிம்) போட்டவர்கள் எடுத்த ரோலை மூன்று மாதத்துக்குள் கழுவிவிடுங்கள். பதிந்த படம் அதில் சீக்கிரம் மங்கும்.