அம்மாவின் சாவுக்கு வழக்கே போட முடியாதாம், ஃப்ளோரிடாவில். இந்தச் சட்டம் தெரிந்தவர்கள் யாராவது?

கடலோரத்து மகள்:

டாம்பா பக்கத்தில் பதினான்கு வருஷமாக இருக்கிறோம். எனக்கு 43 வயது. அப்பா போனபிறகு அம்மா எங்களோடேயே வந்துவிட்டாள். 71 வயது, சர்க்கரை கிடையாது, தினம் காலையில் ஒரு மணி நேரம் நடப்பாள்.

பித்தப்பையில் கல். சின்ன அறுவைதான், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள், அனுப்பியும் விட்டார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. காய்ச்சல் 103. அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவு 9.40க்குப் பெயர் கொடுத்தோம். "ஆபரேஷன் வலி, இரண்டு நாளில் போய்விடும்" என்று வலிக்கு மருந்து கொடுத்தார்கள். இதயத்துடிப்பு 130 என்று திரையில் ஓடியதை நானே பார்த்தேன். நான்கு முறை எழுந்து போய்ச் சொன்னேன். ஆன்டிபயாடிக் ஏற்றியது விடிகாலை 5.15க்கு. மூன்றாம் நாள் அம்மா இல்லை. பித்தநீர் கசிந்து செப்சிஸ் ஆகியிருந்தது, அதாவது கிருமித்தொற்று முற்றி உடலின் உறுப்புகளே செயலிழக்கும் நிலை.

இந்த நேரங்களையெல்லாம் கைப்பையில் கிடந்த மளிகைக் கடை ரசீதின் பின்பக்கம் அன்றிரவே குறித்துவைத்தேன். ஏன் குறித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. பயம்தான் எழுத வைத்திருக்கும்.

இதுவரை ஐந்து வக்கீல்களிடம் பேசிவிட்டேன். ஐந்து பேரும் அம்மா எப்படி இறந்தாள் என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டார்கள். அவருடைய கணவர் உயிரோடு இருக்கிறாரா? உங்களுக்கு என்ன வயது? பதில் சொன்னதும் எல்லோர் குரலும் ஒரே மாதிரி இறங்கிப்போனது. ஒரு பெண் வக்கீல் மட்டும் மனசு கேட்காமல், "இதை இங்கே 'ஃப்ரீ கில்' சட்டம் என்பார்கள்" என்றார். யாரும் பதில் சொல்லத் தேவையில்லாத சாவு. என் அம்மாவைப் பற்றி அப்படி ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுக் காரை ஓரமாக நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன்.

இது உண்மையா? வேறு வழியே இல்லையா? பணம் எனக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். ஆனால் அந்த ஏழரை மணி நேரத்துக்கு யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

—

வழக்குக்கட்டு:

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத வரவில்லை. ஒர்லாண்டோவில் வாதிகள் பக்கம் நிற்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் உதவியாளராகப் பதினோரு வருஷம் வேலை பார்க்கிறேன். நான் வக்கீல் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அவர்கள் சொன்னது உண்மை. ஃப்ளோரிடாவில் ஒருவருடைய அலட்சியத்தால் உயிர் போனால் யார் யார் எதற்கு இழப்பீடு கேட்கலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. 1990இல் அதைத் திருத்தினார்கள். இறந்தவருக்குக் கணவனோ மனைவியோ இல்லையென்றால், 25 வயது தாண்டிய பிள்ளைகளும் தங்கள் மனவேதனைக்கு இழப்பீடு கேட்கலாம் என்று கதவைத் திறந்தார்கள். அதே திருத்தத்திலேயே, மருத்துவ அலட்சியத்தால் வந்த சாவுக்கு மட்டும் இது பொருந்தாது என்று கதவை மூடியும் விட்டார்கள். உங்கள் அம்மாவை அன்று ஒரு லாரி இடித்திருந்தால் நீங்கள் வழக்குப் போடலாம். எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சட்டம் இப்படித்தான் நிற்கிறது.

2000இல் இது மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. மருத்துவர்களின் காப்பீட்டுச் செலவு ஏறாமல் பார்த்துக்கொள்வது நியாயமான நோக்கம், ஆகவே சட்டம் செல்லும் என்று தீர்ப்பு. 2025இல் இந்த விலக்கை நீக்கும் மசோதா இரு அவைகளிலும் பெரிய வித்தியாசத்தில் நிறைவேறியது. மே மாதம் ஆளுநர் டிசான்டிஸ் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தித் தடுத்துவிட்டார். தொகைக்கு உச்சவரம்பு இல்லாமல் இதை நீக்கினால் காப்பீட்டுச் செலவு ஏறும் என்பது அவர் சொன்ன காரணம்.

சட்டப்படி அம்மாவின் சொத்தின் சார்பில் மருத்துவச் செலவும் ஈமச்செலவும் கேட்கலாம். சம்பளம் வாங்காதவர், அதனால் வருமான இழப்பு என்று ஒன்றும் வராது. ஆனால் இங்கே மருத்துவ வழக்குக்கு முதல்படியே ஒரு நிபுணரின் எழுத்துமூலக் கருத்து. அதோடு நோட்டீஸ் அனுப்பி 90 நாள் விசாரணை. அந்தச் செலவே கிடைக்கப்போகும் தொகையைத் தின்றுவிடும். ஜெயித்தால் மட்டும் கூலி வாங்கும் வக்கீல் யாரும் தொடமாட்டார். கெடு இரண்டு வருஷம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வழக்கு இல்லாமலும் சில கதவுகள் உண்டு. முதலில் நீதிமன்றத்தில் அம்மாவின் சொத்துக்கு உங்களைப் பிரதிநிதியாக நியமிக்கச் சொல்லி உத்தரவு வாங்குங்கள். அது கையில் இருந்தால் முழு மருத்துவப் பதிவையும் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சுருக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். துடிப்பு, ரத்த அழுத்தம் குறித்த தாள்கள், மருந்து கொடுத்த நேரப் பட்டியல், கணினியில் யார் எப்போது பதிவைத் திறந்தார்கள் என்ற ஆடிட் டிரெயில் எல்லாம் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதைச் சுலபத்தில் தரமாட்டார்கள், எழுத்தில் கேட்டு வையுங்கள். 2004இல் ஃப்ளோரிடா வாக்காளர்கள் கொண்டுவந்த ஏழாவது திருத்தம் என்று ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் நடந்த பாதகமான சம்பவங்கள் பற்றிய உள்பதிவுகளைப் பார்க்கும் உரிமை அது. அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பிறகு மருத்துவர் மீது மாநிலச் சுகாதாரத் துறையிலும், மருத்துவமனை மீது சுகாதார நிர்வாக முகமையிலும் புகார். இதற்கு வக்கீல் வேண்டாம், உங்கள் வயதையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

—

ஹூஸ்டன்வாசி:

சகோதரி, உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எதற்கெடுத்தாலும் வழக்கு என்று ஆனதால்தான் இப்படிச் சட்டங்கள் வந்தன. காபியைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டு கோடிக்கணக்கில் வாங்கிய கிழவி கதை எல்லோருக்கும் தெரியும். டெக்சாஸில் 2003இல் மனவேதனை இழப்பீட்டுக்கு டாக்டர்கள் தரப்பில் 2,50,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தோம். அதற்குப் பிறகு மருத்துவர்களின் பிரீமியம் இறங்கியது உண்மை. என் மைத்துனர் டாக்டர், அதற்கு முன்னால் ஊரைவிட்டே போய்விடலாம் என்று பேசிக்கொண்டிருந்தவர்.

—

கடலோரத்து மகள்:

வழக்குக்கட்டு தம்பிக்கு நன்றி. அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

ஹூஸ்டன்வாசி ஐயா, இந்த நான்கு மாதத்தில் அந்தக் காபிக் கதையை என்னிடம் சொன்ன ஏழாவது ஆள் நீங்கள். அலுவலகத்தில் சொன்னார்கள், கோயிலில் சொன்னார்கள், துக்கம் விசாரிக்க வந்த வீட்டிலேயே ஒருவர் சொன்னார். அதனால் அது என்ன என்று உட்கார்ந்து படித்தேன். அந்த அம்மாவின் பெயர் ஸ்டெல்லா லீபெக். 1992, நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி. 79 வயது. கார் ஓட்டவில்லை, நின்றிருந்த காரில் பேரனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். மெக்டொனால்ட்ஸ் அந்தக் காபியை 180 முதல் 190 ஃபாரன்ஹீட் சூட்டில் வைத்துக் கொடுத்தது. தொடையிலும் இடுப்புக்குக் கீழேயும் மூன்றாம் நிலைத் தீக்காயம், எட்டு நாள் ஆஸ்பத்திரி, தோல் ஒட்டும் அறுவை. அவர் முதலில் கேட்டது சுமார் 20,000 டாலர். கம்பெனி தருகிறேன் என்றது 800. அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் இதே மாதிரி சுட்டுக்கொண்டவர்களின் புகார் 700க்கு மேல் கம்பெனியிடம் இருந்தது. ஜூரி அவர் மேலும் இருபது சதவீதத் தவறு இருக்கிறது என்று கழித்துத்தான் இழப்பீடு போட்டது. 27 லட்சம் டாலர் தண்டனைத் தொகையை நீதிபதி 4,80,000ஆகக் குறைத்தார். கடைசியில் இரு தரப்பும் வெளியே சொல்லாத ஒரு தொகைக்குச் சமாதானமானார்கள். எழுபத்தொன்பது வயதில் ஒரு கிழவி பட்ட வலியை முப்பது வருஷமாக ஊரெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறது. அதைச் சொல்லி என் அம்மாவின் வழக்கை மூடாதீர்கள்.

உங்கள் டெக்சாஸ் வரம்பு நியாயமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அங்கே ஒரு தொகையாவது இருக்கிறது. எங்கள் மாநிலத்தில் என் அம்மாவுக்கு நேரே எழுதியிருப்பது பூஜ்யம். வரம்பும் பூஜ்யமும் ஒன்றில்லை ஐயா.

—

இரவுப்பணி:

நான் மருத்துவர், இந்த மாநிலத்தில்தான். அம்மாவின் பதிவைப் பார்க்காமல் இது தவறு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் செப்சிஸ் என்று பலமாகச் சந்தேகம் வந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் என்பதுதான் நாங்கள் படிப்பது, பயிற்சி பெறுவது. அறுவை முடிந்த வயிறு, 103 காய்ச்சல், 130 துடிப்பு. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

எங்கள் பயமும் பொய்யில்லை. இரவில் ஒரே ஆள் இருபது பேரைப் பார்க்கிறோம். வழக்குப் பயத்தில் தேவையில்லாத ஸ்கேன் எழுதியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். பிரசவ மருத்துவர்கள் கட்டும் பிரீமியத்தைக் கேட்டால் நீங்களே பரிதாபப்படுவீர்கள். ஆனால் அந்தச் சுமைக்கு விதவையான ஒரு தாயின் உயிரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவது வழியில்லை. 2003இல் இங்கேயும் ஒரு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். 2014இல் சாவு வழக்குகளுக்கும் 2017இல் காய வழக்குகளுக்கும் அது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போதும் நான் இங்கேதான் வேலை பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன்.

இன்னொன்று. ஏன் யாரும் உங்களிடம் வந்து பேசவில்லை தெரியுமா? இங்கே "வருந்துகிறேன்" என்று ஒரு மருத்துவர் சொன்னால் அதை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகக் காட்ட முடியாது. "என் தவறு" என்று சொன்னால் காட்டலாம். அந்தக் கோட்டுக்குப் பயந்து எங்களில் பலர் முதல் வார்த்தையையும் சொல்லாமல் போய்விடுகிறோம். எழுத்தில் கேளுங்கள், மருத்துவமனையின் நோயாளி பாதுகாப்புப் பொறுப்பாளரோடு நேரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று. உங்களை வைத்து வழக்கு வராது என்று அவர்களுக்கும் தெரியும், ஒருவேளை அதனாலேயே பேசலாம்.

—

கடலோரத்து மகள்:

டாக்டர், நேற்று இரவு நீங்கள் எழுதியதை என் கணவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். 'வருந்துகிறேன்' என்ற ஒரு சொல்லைச் சொல்லச் சட்டம் தடுக்கவில்லை என்பது எனக்கு இவ்வளவு நாள் தெரியாது. தெரிந்தது நல்லதா என்று இன்னும் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் அதிகமாகத்தான் வலிக்கிறது.

பிரதிநிதி உத்தரவுக்கு மனு போட்டாயிற்று. சுகாதாரத் துறைப் புகாரை நானே எழுதினேன், மூன்று பக்கம். தம்பி சொன்னபடி ஏழாவது திருத்தம் என்று பெயர் சொல்லிக் கடிதம் தயாராக இருக்கிறது, உத்தரவு வந்ததும் பதிவுத் தபாலில் போகும். எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலும் பேசினேன். மசோதா மறுபடி வந்தால் குழுவின் முன்னால் பேச வருகிறீர்களா என்று கேட்டார்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில் கூட்டத்துக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லை. என் பெண் இப்போதிருந்தே கடிகாரம் வைத்துப் பேசிப் பார்க்கச் சொல்கிறாள்.

அந்த ரசீதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வெப்ப அச்சு, முன்பக்கம் மங்கிக்கொண்டே வருகிறது. பின்பக்கம் நான் பேனாவில் எழுதியது அப்படியே இருக்கிறது. 9.40. 11.05. 1.20. 2.50. 5.15. அவர்களுடைய தாள் வந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வந்தால் இங்கே எழுதுகிறேன்.