டென் டு த்ரீன்னா எத்தனை மணிங்க? யூகே கிளம்புறவங்களுக்கு

செப்டம்பர் இன்டேக்குக்கு (காலேஜ் சேர்க்கைக்கு) கிளம்பும் நம்ம ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒன்றேதான். "அண்ணா, இங்கிலீஷ் ஓரளவுக்கு வருமுங்க. ஆனா போன்ல அவங்க டைம் சொன்னா மட்டும் பிடிபட மாட்டேங்குதுங்க." கேர் ஹோம் (முதியோர் இல்லம்) வேலைக்குப் போன அக்காமார்களும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நேரம் சொல்ல ஒரே ஒரு வழி தெரிந்தால் போதும். கேட்பதற்குத்தான் எல்லா வழியும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் 'சிக்ஸ் ஃபார்ட்டி ஃபைவ்' என்று நம்பராகவே சொல்லிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். 'குவார்ட்டர் டு செவன்' என்று சொல்லிப் பழகுகிறேன் என்று வாயைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் அவர்கள் அப்படிச் சொன்னால் அது ஆறே முக்கால் என்பது காதில் விழுந்தவுடன் தெரிய வேண்டும்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஜிபி (நம்ம குடும்ப டாக்டர் மாதிரி) சர்ஜரி. ஆபரேஷன் தியேட்டர் என்று பயப்படாதீர்கள், அங்கே டாக்டர் கிளினிக்குக்கே அதுதான் பெயர். போன் போட்டால் ரிசப்ஷனில் இருப்பவர் மூச்சு விடாமல் கேட்பார்: "ஐ கேன் டூ டென் டு த்ரீ, திஸ் தர்ஸ்டே?" நம் ஆள் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று எடுத்துக்கொண்டு, பதினொரு மணிக்குப் போய் நிற்பார். அது மூன்றாக இன்னும் பத்து நிமிஷம், அதாவது 2:50. பத்திலிருந்து மூன்று வரை என்றால் பெரும்பாலும் 'பிட்வீன் டென் அண்ட் த்ரீ' என்றோ 'டென் டில் த்ரீ' என்றோதான் சொல்வார்கள். அதனால் உடனே சரி என்று போனை வைத்துவிடாமல் திருப்பிச் சொல்லுங்கள்: "டூ பிஃப்டி, தர்ஸ்டே த ட்வெல்த், இஸ் தட் ரைட்?" கிழமையும் தேதியும் சேர்ந்தே வர வேண்டும். ட்யூஸ்டேயும் தர்ஸ்டேயும் போனில் ஒரே மாதிரிதான் கேட்கும். தேர்ட்டீன், தேர்ட்டி அதைவிட மோசம். சந்தேகம் வந்தால் "ஒன் த்ரீ, ஆர் த்ரீ ஜீரோ?" என்று கேட்டுவிடுங்கள். அங்கே திருப்பிக் கேட்பதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. சொன்ன நேரத்துக்குப் போகாமல் விடுவதுதான் தப்பு.

அரை மணிக் கணக்கில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம். 'ஹாஃப் செவன்' என்றால் 'ஹாஃப் பாஸ்ட் செவன்' என்பதன் சுருக்கம், நம்ம ஏழரையேதான். (ஜெர்மனி போகும் தம்பிகள் கவனிக்க: அங்கே 'ஹால்ப் ஸீபன்' என்றால் ஆறரை. பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்து ஜெர்மன் பையரிடம் பேசியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.)

வட இங்கிலாந்துப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "கம் ரவுண்ட் ஃபார் டீ, ஹாஃப் ஃபைவ்" என்று கூப்பிட்டால் அது டீயும் முறுக்கும் இல்லை. அங்கே பல வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டுக்கே டீ என்றுதான் பேர், சாயந்திரம் அஞ்சரைக்கே முடித்துவிடுவார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். நேரமும் அவர்கள் சொன்னதுதான். நம்ம ஊரில் ஒறம்பரையைப் "பொழுதோட வாங்க" என்று கூப்பிட்டுவிட்டு எட்டு மணி வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்போமே, அது அங்கே ஓடாது. 'ஃபைவிஷ்' என்று இழுத்தால் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். 'சீ யூ லேட்டர்' என்று சொன்னதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அது நம்ம "வர்றனுங்க" மாதிரி, சும்மா விடைபெறுவது.

அப்புறம் நம் பள்ளிக்கூட இங்கிலீஷ். 'டுடே மார்னிங்' அங்கே 'திஸ் மார்னிங்', 'யெஸ்டர்டே நைட்' வெறும் 'லாஸ்ட் நைட்'. குறித்த நேரத்தை முன்னால் கொண்டுவர 'ப்ரிபோன்' என்றால் முழிப்பார்கள், 'பிரிங் இட் ஃபார்வர்ட்' என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள்ளே என்றால் 'பை ஃப்ரைடே', வெள்ளிக்கிழமை வரைக்கும் என்றால் 'அன்டில் ஃப்ரைடே'. அசைன்மென்ட் விஷயத்தில் இந்த இரண்டும் மாறினால் வம்பு. 'டூ யூ ஹாவ் த டைம்?' என்று பஸ் ஸ்டாப்பில் யாராவது கேட்டால் மணி என்ன என்றுதான் கேட்கிறார். 'த' இல்லாமல் கேட்டால் உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று அர்த்தம். 'ஃபோர்ட்நைட்' இரண்டு வாரம். 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' எந்த வெள்ளி என்பதில் வெள்ளைக்காரர்களுக்கே ஒற்றுமை கிடையாது, தேதியைக் கேட்டுவிடுவது உத்தமம்.

லீவு கேட்கும்போதும் தேதிதான். வீட்டில் "ஆடிப் பதினெட்டுக்கு வந்துரு கண்ணு" என்பார்கள். மேனேஜரிடம் ஆகஸ்ட் 2ஆ 3ஆ என்று காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஒரு தங்கச்சி கேட்டிருந்தார், அம்மாவுக்கு எப்போது போன் போடலாம் என்று. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் அஞ்சரை. அங்கே மத்தியானம் மூன்று மணிக்குப் போட்டால் பெருந்துறையில் கோடையில் ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. ஒன்பதுக்கே படுத்துவிடும் அம்மா என்றால் மூன்றுக்கு மேல் தள்ளாதீர்கள். மூன்று மணிக்கு கிளாஸ் இருந்தால் காலையில் எழுந்ததும் போடுங்கள்.

அமெரிக்கா போகிறவர்கள் இதில் பாதியை மாற்றிப் படிக்க வேண்டும். அங்கே 04/05 என்றால் ஏப்ரல் 5, யூகேயில் மே 4. ஃபாரத்தில் மாதத்தை எழுத்திலேயே எழுத இடம் இருந்தால் அப்படியே எழுதிவிடுங்கள்.