புதுப்பிப்பு: நியூஜெர்சியிலிருந்து அட்லாண்டா புறநகருக்கு, சின்னப் பிள்ளைகளோடு

ஜூலைக் கடைசியில் கிளம்பினால் போதும் என்று முந்தைய இழையில் எழுதியதைத் திருத்துகிறேன். அது தாமதம். நியூஜெர்சியில் பள்ளி செப்டம்பரில் திறக்கும். இங்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்சைத், குவின்னெட் மாவட்டங்களில் (கவுன்டி) ஆகஸ்ட் முதல் வாரமே மணி அடித்துவிடும். ஜூன் கடைசிக்குள் வந்துவிடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது தடுப்பூசிச் சான்றிதழில்தான். பழைய மருத்துவர் கொடுத்த தாளைப் பள்ளி ஏற்காது. ஜார்ஜியாவின் 3231 படிவத்தில் மாற்றித் தர வேண்டும். கவுன்டி சுகாதார மையத்திலேயே செய்துகொள்ளலாம். கூடவே 3300 படிவம்: கண், காது, பல், ஊட்டச்சத்துப் பரிசோதனை. பல் மருத்துவரிடம் நேரம் கிடைப்பதுதான் இழுக்கும், அதை முதலில் பதியுங்கள்.

செப்டம்பரில் பிறந்த குழந்தையா? இங்கே கின்டர்கார்டன் சேர செப்டம்பர் 1-க்குள் 5 வயது நிரம்பியிருக்க வேண்டும். நியூஜெர்சியில் பல ஊர்களில் அக்டோபர் 1 வரை விடுவார்கள். அந்த நினைப்பில் இருந்தால் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

கார்: வந்த 30 நாளுக்குள் ஓட்டுநர் உரிமத்தையும் கார் பதிவையும் ஜார்ஜியாவுக்கு மாற்ற வேண்டும். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, அடுத்து உரிமம், புகைச் சோதனை, பிறகு நம்பர் பிளேட் என்ற வரிசையில் போனால் அலைச்சல் குறையும். புதிதாகக் குடியேறுபவர்கள் கார் மதிப்பில் 3% வரி கட்ட வேண்டும். இரண்டு கார் என்றால் நல்ல தொகை, முன்பே ஒதுக்கிவையுங்கள்.

வீடு வாங்கினால் ஹோம்ஸ்டெட் சலுகைக்கு (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான சொத்து வரிக் குறைப்பு) ஏப்ரல் 1-க்குள் விண்ணப்பியுங்கள். ஜனவரி 1 அன்று அந்த வீட்டில் குடியிருந்தால்தான் அந்த ஆண்டுக்குக் கிடைக்கும்.