சாவியைத் திருகினால் ஒரே ஒரு 'டக்': செல்ஃப் மோட்டாரைக் கழற்றிச் சரிசெய்தும் தீரவில்லை

சாரல்:
பதினான்கு வருடம் ஓடிய பெட்ரோல் கார், கையால் கியர் போடும் வண்டி. ஒன்றரை மாதமாகச் செல்ஃப் எடுப்பதில் தகராறு. சாவியைத் திருகினால் பானட்டுக்குள் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. காலையில் முதல் தடவை பெரும்பாலும் எடுத்துவிடும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திருகினால் எடுக்காது. நன்றாக ஆறிய பிறகு மறுபடி எடுக்கும். தள்ளிவிட்டு செகண்ட் கியரில் க்ளட்சை விட்டால் உடனே உயிர் வந்துவிடுகிறது. ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை.

பேட்டரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது, சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட் காட்டுகிறது. டெர்மினல்களைக் கழற்றிச் சுரண்டி மாட்டிவிட்டேன். செல்ஃப் மோட்டாரையும் இறக்கினேன், கார்பன் பிரஷ் தேய்ந்திருந்ததால் புதிது போட்டேன். தரையில் வைத்து நேராக பேட்டரி கொடுத்தால் சீறிக்கொண்டு சுற்றுகிறது. வண்டியில் ஏற்றினால் பழைய கதை. எர்த் கேபிளை மல்டிமீட்டரில் பார்த்தேன், 'பீப்' என்று நன்றாகவே கத்துகிறது. ஒருவேளை பிடித்துக்கொண்டிருந்தால் எடுக்குமோ என்று நேற்று அரை நிமிடம் சாவியை விடாமல் பிடித்தும் பார்த்தேன். இனி எங்கே தேடுவது?

ஓட்டைச்சைலன்சர்:
சாலினாய்டு, அதாவது செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச், போயிருக்கும். உள்ளே இருக்கும் செம்புக் கட்டை கருகினால் இப்படித்தான் 'டக்' மட்டும் வரும். புதிது போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

வால்வு:
அடுத்த முறை எடுக்காதபோது சுத்தியலால் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் இரண்டு தட்டு தட்டுங்கள். என் பழைய வண்டி இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

பழைய கேஸ்கட்:
வால்வு, அந்தத் தட்டு வைத்தியம் பிரஷ் ஒட்டிக்கொண்டால் பலிக்கும். சாரல் தம்பிதான் பிரஷ் மாற்றிவிட்டாரே. தவிர, இப்போதைய செல்ஃப் மோட்டார்களில் பலவற்றுக்குள் சுருளுக்குப் பதிலாக நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கும். அது ஓடு மாதிரி. பலமாகத் தட்டினால் உடையும், அப்புறம் மோட்டாரே போச்சு.

சாரல், முதலில் ஒரு வேண்டுகோள். அரை நிமிடம் சாவியைப் பிடிக்கும் வேலையை இன்னொரு முறை செய்யாதீர்கள். 1912 மாடல் காடிலாக்கில் மின் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த சார்லஸ் கெட்டரிங், அதற்கு முன் கல்லாப் பெட்டிக்கு மின்மோட்டார் பொருத்தியவர். கல்லாவைத் திறக்க மோட்டார் ஒரு நொடி வேலை செய்தால் போதும், மிச்ச நேரம் ஆறிக்கொள்ளலாம். அதனால் சின்ன மோட்டாரின் மேல் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றலாம் என்று கண்டார். அதே கணக்குதான் காருக்கும் வந்தது. இன்றைக்கும் செல்ஃப் மோட்டார் சில நொடி வேலைக்கென்றே செய்யப்பட்டது. பத்து நொடிக்கு மேல் போகக் கூடாது, நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும். சுற்றாமல் நிற்கும் மோட்டாருக்கு அதுவும் ஆகாது, இரண்டு மூன்று நொடியோடு விட்டுவிடுங்கள்.

இனி கேள்விகள். சாவியைத் திருகும்போது ஹெட்லைட் போட்டிருந்தால் என்ன ஆகிறது? படபடவென்று தொடர்ந்து 'டக் டக் டக்' வருகிறதா, ஒன்றே ஒன்றா? முந்தைய பேட்டரி எத்தனை நாள் உழைத்தது? கடைசியாக ஒன்று, சம்பந்தமில்லாதது போலத் தோன்றும்: சமீபத்தில் க்ளட்ச் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோ இறுகிப்போய் மாற்றினீர்களா?

சாரல்:
அண்ணே, கடைசிக் கேள்வியைப் படித்ததும் ஒரு நிமிடம் திகைத்துவிட்டேன். ஒரே வருடத்தில் க்ளட்ச் கேபிளை இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன்! பெடல் கல் மாதிரி ஆகிவிடுகிறது. மட்டமான கேபிள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். இதற்கும் அதற்கும் என்ன?

ஹெட்லைட் லேசாக மட்டும் மங்குகிறது. சத்தம் ஒன்றே ஒன்றுதான். முந்தைய பேட்டரி இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை.

பழைய கேஸ்கட்:
அப்படியானால் சாலினாய்டுக்குப் போகும் முன் எர்த்தைப் பார்க்க வேண்டும்.

பேட்டரி பலவீனமாக இருந்தால் சாலினாய்டு இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துப் படபடக்கும். ஹெட்லைட் அணைகிற மாதிரி மங்கும். உங்களுக்கு இரண்டும் இல்லை. பேட்டரியிடம் சக்தி இருக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. போகும் வழியில் அடைப்பு, அல்லது திரும்பி வரும் வழியில் அடைப்பு. திரும்பும் வழியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். செல்ஃப் மோட்டாரின் எர்த் என்பது அதன் உடம்பு. உடம்பிலிருந்து என்ஜினுக்கு, என்ஜினிலிருந்து ஒரு தடித்த கேபிள் வழியாக பாடிக்கு, பாடியிலிருந்து பேட்டரியின் மைனஸுக்கு. அந்த என்ஜின் கேபிள் கெட்டால் மின்சாரம் சும்மா இருக்காது, என்ஜினையும் பாடியையும் இணைக்கும் வேறு எந்த உலோகம் கிடைத்தாலும் அதில் பாயும். க்ளட்ச் கேபிள் ஒரு எஃகுக் கம்பி. செல்ஃப் மோட்டாருக்கான மின்சாரத்தில் ஒரு பங்கு அதில் ஓடினால் சூடேறி உள்உறை உருகும். பெடல் கல்லாகும்.

மின்னோடி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எர்த் கேபிள் 'பீப்' சொல்கிறது என்கிறாரே?

பழைய கேஸ்கட்:
அந்தப் பீப்பை நம்பித்தான் பாதி வீட்டு மெக்கானிக்குகள் ஏமாறுகிறோம். நானும் ஏமாந்தவன்தான்.

மீட்டர் அந்தச் சோதனைக்கு அனுப்புவது ஒரு மில்லியாம்பியர் அளவு மின்சாரம். கேபிளுக்குள் நூறு இழையில் நான்கு உருப்படியாக இருந்தாலும் அது கத்தும். செல்ஃப் மோட்டார் கேட்பதோ நூறு ஆம்பியருக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இணைப்பில் 0.08 ஓம் தடை இருக்கிறது, அதில் 100 ஆம்பியர் போக வேண்டும் என்றால் 8 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். அந்த 0.08 ஓமை உங்கள் மீட்டரால் பார்க்கவே முடியாது. இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 காட்டும்.

ஆகவே ஓமில் பார்க்காதீர்கள், வோல்ட்டில் பாருங்கள். அதுவும் சாவி திருகியிருக்கும் அந்த இரண்டு மூன்று நொடிக்குள். கேபிளுக்கு இரண்டு முனையிலும் குச்சி வைத்தால், அந்தக் கேபிள் எத்தனை வோல்ட்டை விழுங்குகிறது என்று மீட்டரே சொல்லிவிடும்.

நியூட்ரல், ஹேண்ட்பிரேக். என்ஜின் பிடித்துவிடாமல் இருக்க இக்னிஷன் காயிலின் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். மீட்டர் டிசி 20 வோல்ட்டில். சாவி திருக ஒரு ஆள் வேண்டும். வண்டி சூடாகி அடம்பிடிக்கும் நேரத்தில் செய்யுங்கள், காலையில் செய்து பயனில்லை. குச்சியை பேட்டரியின் ஈயக் குமிழ் மேலேயே வையுங்கள், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மேல் அல்ல. நான்கு அளவு வேண்டும்: பேட்டரியின் இரண்டு குமிழுக்கும் நடுவே; பிளஸ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரை; மைனஸ் குமிழிலிருந்து என்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகம் வரை; அப்புறம் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே. எர்த் பக்கம் 0.2, மிஞ்சிப்போனால் 0.3 வரை பொறுக்கலாம். பிளஸ் பக்கம் அரை வோல்ட்டுக்குள்.

ஓட்டைச்சைலன்சர்:
இவ்வளவு எதற்கு? ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சாலினாய்டின் இரண்டு போல்ட்டையும் ஷார்ட் செய்தால் தெரிந்துவிடப் போகிறது.

பழைய கேஸ்கட்:
தெரியும், ஸ்க்ரூடிரைவரின் முனை உருகுவதும் சேர்ந்து தெரியும். கையில் மோதிரமோ உலோகப் பட்டைக் கடிகாரமோ இருந்தால் தோலோடு ஒட்டும். பேட்டரி அருகே தீப்பொறி பறப்பதும் நல்லதல்ல, சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். கியரில் நிற்கும் வண்டி என்றால் ஆள் மேல் ஏறவும் கூடும். எர்த் கெட்டிருந்தால் அப்போதும் சுற்றாது, நீங்கள் மோட்டாரைத்தான் குறை சொல்லப் போகிறீர்கள்.

கிணற்றுத்தவளை:
சம்பந்தமில்லாத கேள்விதான், கோபிக்காதீர்கள். வீட்டுத் தண்ணீர் மோட்டார், சிங்கிள் ஃபேஸ். சுவிட்ச் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை. இதுவும் எர்த்தா?

மின்னோடி:
இல்லை, அது வேறு நோய். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பேரிங்கோ, உள்ளே பம்பின் சக்கரமோ பிடித்திருக்கிறது. தடையில்லாமல் சுற்றினால் கப்பாசிட்டர் மேல்தான் முதல் சந்தேகம். சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குத் தானாகப் புறப்படத் தெரியாது, கப்பாசிட்டர்தான் முதல் தள்ளு கொடுக்கிறது.

முனகவிட்டுக் காத்திருக்க வேண்டாம், நிற்கும் மோட்டார் பல மடங்கு மின்சாரம் இழுத்துச் சுருளை எரித்துவிடும். கப்பாசிட்டரைக் கழற்றும் முன் ஒரு குண்டு பல்பை ஹோல்டரில் போட்டு, அதன் இரண்டு ஒயரையும் கப்பாசிட்டரின் முனைகளில் தொட்டுச் சார்ஜைத் தீர்த்துவிடுங்கள், கரண்ட் இல்லையே என்று கை வைத்து அடி வாங்கியவர்கள் நிறைய. மீட்டரில் கப்பாசிட்டர் அளக்கும் வசதி இருந்தால் அதன் மேல் அச்சிட்ட மைக்ரோஃபாரட் எண்ணோடு ஒப்பிடுங்கள். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே வகை. வோல்ட் மட்டும் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது.

சாரல்:
அளந்துவிட்டேன். மனைவி சாவி, நான் மீட்டர். நல்ல சூட்டில்.

பேட்டரியில் 11.7. பிளஸ் பக்கம் 0.3. மோட்டாருக்குக் கிடைத்தது வெறும் 4.0. மைனஸ் குமிழிலிருந்து என்ஜின் வரை 7.4!

முதலில் மீட்டர் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். மூன்றையும் கூட்டினால் சரியாக 11.7 வருகிறது. இன்னொன்றும் பார்த்தேன்: மைனஸ் குமிழிலிருந்து பாடி வரை 0.1தான். மிச்சம் முழுவதும் பாடிக்கும் என்ஜினுக்கும் நடுவே.

பழைய கேஸ்கட்:
ஆள் கிடைத்துவிட்டான். நூறு ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 740 வாட், இஸ்திரிப் பெட்டி அளவு சூடு அந்தக் கேபிளிலும் அதற்கு உதவப்போன க்ளட்ச் கேபிளிலும் இறங்கியிருக்கிறது. கழற்றும் முன் கடைசியாக ஒன்று. ஜம்பர் கேபிள் இருந்தால், ஒரே ஒரு கேபிளை பேட்டரி மைனஸிலிருந்து என்ஜினின் நல்ல உலோகத்துக்கு மாட்டிச் சாவியைத் திருகுங்கள்.

சாரல்:
மாட்டினேன். சூட்டிலேயே ஒரே திருகலில் விர்ரென்று சுற்றியது. பிறகு பேட்டரி மைனஸை எடுத்துவிட்டு, கியர்பாக்ஸ் போல்ட்டிலிருந்து பாடிக்குப் போகும் கேபிளைக் கழற்றினேன். வெளியே பார்த்தால் குறையே தெரியாது. லக், அதாவது போல்ட்டில் மாட்டும் முனை வளையம், அதன் பக்கத்தில் ரப்பரை உரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு, தூளாகக் கொட்டுகிறது. ஐந்தாறு இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஐந்தாறும் சேர்ந்துதான் 'பீப்' சொல்லி என்னை ஏமாற்றியிருக்கின்றன.

ஒன்று மட்டும் புரியவில்லை. இவ்வளவு மோசம் என்றால் தள்ளினால் மட்டும் எப்படி ஓடியது? ஆறினால் எப்படி எடுத்தது?

பழைய கேஸ்கட்:
தள்ளினால் செல்ஃப் மோட்டாருக்கு வேலையே இல்லை. தீப்பொறிக்கு ஐந்தாறு ஆம்பியர் போதும், அந்த அளவுக்கு இந்தத் தடை அரை வோல்ட்கூட விழுங்காது. சூடானால் செம்பின் தடையும் ஏறும், தளர்ந்த இணைப்பும் விரிந்து இன்னும் தளரும். காலையில் ஏதோ சமாளித்தது. முந்தைய பேட்டரியும் இதனால்தான் சீக்கிரம் போயிருக்கலாம்: ஆல்டர்னேட்டரும் இதே வழியாகத்தான் பேட்டரியை நிரப்புகிறது, விளக்கு எல்லாம் போட்டு ஓட்டினால் வழியில் ஒன்றிரண்டு வோல்ட் தொலைந்து பேட்டரிக்கு அரைவயிற்றுச் சாப்பாடுதான்.

புதுக் கேபிள் பழையதன் தடிமனுக்குக் குறையக் கூடாது. லக்கைக் கொறடால் நசுக்கி ஒப்பேற்றாமல் கிரிம்ப் கருவியில் அழுத்தி வாங்குங்கள். இரண்டு முனையும் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். அதன் பிறகும் அந்த ஒற்றை 'டக்' வந்தால் சாலினாய்டைப் பேசுவோம்.

சாரல்:
முடிந்தது. சூடு, குளிர் இரண்டிலும் பத்துத் தடவை பார்த்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை. எர்த் பக்கம் இப்போது 0.15. ஆனால் ஒரு பயம். சாவியைத் திருகும்போது பேட்டரி முன்பு 11.7இல் நின்றது, இப்போது 10.4க்கு இறங்குகிறது. நான் ஏதாவது கெடுத்துவிட்டேனா?

பழைய கேஸ்கட்:
கெடுக்கவில்லை தம்பி. முன்பு பேட்டரிக்கு முழு வேலை இல்லை, அதனால் ஜம்பமாக 11.7 காட்டியது. இப்போதுதான் மோட்டார் தனக்கு வேண்டியதை இழுக்கிறது. சுற்றும்போது 9.6க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். 10.4 நல்ல எண்.

கிணற்றுத்தவளை:
விசிறி தாராளமாகச் சுற்றியது. கப்பாசிட்டரில் 25 என்று அச்சு, மீட்டரில் 9. புதிது போட்டதும் தண்ணீர் ஏறிவிட்டது. நன்றி மின்னோடி.

சாரல்:
பழைய க்ளட்ச் கேபிள் ஒன்று தூக்கிப் போடாமல் கிடந்தது. இப்போதுதான் உறையை வெட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்த பிளாஸ்டிக் குழாய் உருகிக் கம்பியோடு கம்பியாக ஒட்டியிருக்கிறது. வண்டியில் இருக்கும் கேபிளையும் நாளை கழற்றிப் பார்க்கப்போகிறேன்.