தொட்டியை 'சைக்கிள்' செய்வதற்குத் தமிழில் என்ன? (அவசரம்)

அனுப்பியவர்: கோவை மொழிபெயர்ப்பாளர்

குழுவினருக்கு வணக்கம். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் போன்ற பெரிய சிக்லிட் மீன்களை வீட்டில் வளர்ப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். 'டேங்க் சைக்ளிங்' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். மீனின் கழிவிலிருந்தும் மிச்சமான தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. வடிகட்டியின் ஸ்பாஞ்சில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும். மூன்றாவதை வாராவாரம் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். இந்தக் குடியேற்றம்தான் 'சைக்ளிங்', அதற்குச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். ஆஸ்கர் 30 செ.மீ. வரை வளரும், வஞ்சனையில்லாமல் தின்னும், அதற்கேற்பக் கழியும். ஒரு மீனுக்கே ஏறக்குறைய 300 லிட்டர் வேண்டும். தொட்டி தயாராகாமல் இதை விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

'தொட்டியைச் சுழற்றவும்' என்று எழுதி வைத்திருந்தேன். மனைவி படித்துவிட்டு, "தண்ணீரோடயா, இல்லாமயா?" என்றார்.

அனுப்பியவர்: யாழ்ப்பாணத்து அன்பர்

முதிர்த்தல். 'தொட்டியை முதிர்த்தல்', 'முதிர்ந்த தொட்டி'. வினையாகவும் பெயரடையாகவும் வரும், படிப்பவருக்கும் விளங்கும்.

ஆனால் அதற்கு முன் 'சிக்லிட்' என்று எழுதுகிறீர்களே, அது எப்படி ஐயா? ககர மெய்க்குப் பின் ககரம்தான் வரலாம், லகரம் வராது. டகர மெய்யில் சொல் முடியவும் கூடாது. ஒரு சொல்லில் இரண்டு பிழை. 'சிக்கிலி' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அனுப்பியவர்: கொளத்தூர் கடைக்காரர்

சிக்கிலின்னு கேட்டு வந்தா எங்க தெருவில் ஒருத்தருக்கும் புரியாது சார். அதே குடும்பத்து மீன்தான் 1952இல் நம்ம நாட்டுக்கு வந்த திலேப்பியா. அதை ஊரே ஜிலேபி ஆக்கிவிட்டது. எந்த இலக்கணத்தைக் கேட்டு ஆக்கினார்கள்?

கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் 'தண்ணி செட் ஆயிடுச்சா' என்றுதான் கேட்போம். அவசரமாகத் தொட்டி வேண்டும் என்றால் ஓடுகிற தொட்டியின் பழைய ஸ்பாஞ்சைப் புது வடிகட்டியில் வைப்போம். நாள் நன்றாகக் குறையும். அப்புறம், தீனி அத்தியாயத்தில் ஆஸ்கருக்கு உயிருள்ள கோல்டு ஃபிஷ் போடச் சொல்லியிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நோயைக் கொண்டு வரும். அதிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். நல்ல பெல்லட், இடையிடையே மண்புழு போதும்.

அனுப்பியவர்: மதுரைத் தமிழாசிரியர் (ஓய்வு)

> பழைய ஸ்பாஞ்சைப் புது வடிகட்டியில் வைப்போம்

தம்பி, சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே தேடுகிறீர்கள். பாலுக்கு உறை ஊற்றுவது வேறென்ன? புறநானூறு 276ஐப் பாருங்கள், 'குடப்பால் சில்லுறை போல'. குடம் நிறைந்த பாலை ஆய்மகள் நகத்தால் தெறித்த ஒரு துளி உறை மாற்றிவிடுகிறது. பகைவர் படைக்கு அந்தப் பாட்டில் வரும் இளம் வீரன் ஒருவன் அப்படி. இங்கே 300 லிட்டர் நீருக்கு ஒரு ஸ்பாஞ்சு.

'உறைதல்' என்றால் தங்குதல், குடியிருத்தல் என்றும் பொருள். பாக்டீரியா ஸ்பாஞ்சில் உறைகிறது. இரண்டு பொருளும் ஒரே சொல்லில் பொருந்தி வருகின்றன. எனவே 'உறையூட்டல்'. எங்கள் பக்கம் 'புரை ஊத்துறது' என்பார்கள், 'புரையூட்டல்' என்றாலும் தகும். உறையூர், உறைகிணறு இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் இந்த வேர் எவ்வளவு ஆழமானது என்பது விளங்கும். விரிவாகத் தனியே எழுதுகிறேன்.

அனுப்பியவர்: கோவை மொழிபெயர்ப்பாளர்

ஐயா, 'புரை' வேண்டாம். பெரிய சிக்லிட்களுக்குத் தலையில் குழி குழியாக விழும் நோய் ஒன்று உண்டு. அதற்குத் 'தலைப்புரை' என்று 7ஆம் அத்தியாயத்தில் போட்டுவிட்டேன். இங்கே புரையூட்டச் சொல்லிவிட்டு அங்கே புரைக்கு வைத்தியம் சொன்னால் நன்றாக இருக்காது.

அனுப்பியவர்: யாழ்ப்பாணத்து அன்பர்

உறைந்த நீர் என்றால் ஐஸ், ஐயா. அமேசான் மீனுக்கு 24 முதல் 28 பாகை செல்சியஸ் வேண்டும் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் தொட்டியை உறைய வைக்கச் சொல்லப் போகிறீர்கள்.

அனுப்பியவர்: பினாங்கு பொறியாளர்

ஃபிளவர்ஹார்ன் 1990களில் எங்கள் மலேசியாவில் உருவான கலப்பினம் என்பதால் எனக்கும் பேச உரிமை உண்டு. உறை என்ற சொல்லில் எனக்கு வேறு சிக்கல். பழைய ஸ்பாஞ்சு இல்லாமலும் தொட்டியைத் தயார் செய்யலாம். வெறும் தொட்டியில் அம்மோனியாவை அளந்து சொட்டுவிட்டு, பாக்டீரியா தானாக வந்து பெருகக் காத்திருப்பது ஒரு முறை. அங்கே உறை எங்கே இருக்கிறது? வழிகளில் ஒன்றின் பெயரை முழுச் செயலுக்கும் வைக்கிறோம்.

யாராவது 'பதப்படுத்தல்' என்று சொல்லுமுன் அதையும் தடுத்துவிடுகிறேன். ஊறுகாயைத்தான் பதப்படுத்துவோம். 'ஊறல்' என்று கிளம்பினால் போலீஸ் வரும்.

அனுப்பியவர்: கொளத்தூர் கடைக்காரர்

உறை ஊத்தாத பாலும் கடைசியில் புளிக்கத்தான் செய்யும் சார், நாளாகும், அவ்வளவுதான்.

'முதிர்த்தல்' நல்ல சொல்தான், ஆனால் வாங்குகிறவர் தண்ணீரைப் பிடித்துச் சும்மா ஒரு மாதம் வைத்தால் முதிர்ந்துவிடும் என்று நினைத்துக்கொள்வார். அம்மோனியா இல்லாமல் பாக்டீரியா எதைத் தின்று வளரும்? உறை என்றால், எதையோ சேர்க்க வேண்டும் என்றாவது தெரியும்.

அனுப்பியவர்: பினாங்கு பொறியாளர்

இந்த வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களுக்குத் தண்ணீரை பிஹெச் 8 அளவில், அதாவது சற்றுக் காரமாக வைக்கும்போது அம்மோனியாவின் நச்சு இன்னும் கூடும், சும்மா காத்திருந்தவர் பாடு திண்டாட்டம்தான். அரை மனதோடு உறையூட்டல்.

அனுப்பியவர்: கோவை மொழிபெயர்ப்பாளர்

மணி பதினொன்றாகிவிட்டது. 'உறையூட்டல்' என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'தொட்டி செட் ஆவது' என்று விளக்கம். வினை வரும் இடங்களில் 'உறையூட்டு', எங்கும் 'உறைய வை' கிடையாது. சிக்லிட் சிக்லிட்டாகவே இருக்கட்டும், அட்டை அச்சாகிவிட்டது.

அனுப்பியவர்: யாழ்ப்பாணத்து அன்பர்

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். முதிர்த்தலே சரி. அடுத்த பதிப்பில் கதைப்போம்.

அனுப்பியவர்: மதுரைத் தமிழாசிரியர் (ஓய்வு)

உறைகிணறு பற்றிய குறிப்பின் முதல் பகுதியை இணைத்துள்ளேன்.

அனுப்பியவர்: கொளத்தூர் கடைக்காரர்

பேர் எதுவானாலும் சரி, அந்தப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள் சார். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, அதிலுள்ள குளோரினில் பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். வாரத்தில் ரெண்டு பேராவது இதனால்தான் மீன் போச்சு என்று கடைக்கு வருகிறார்கள்.