ஹெரால்டு மார்க் 3: கிரீஸ் அடித்தும் ஸ்டீரிங் இறுகுது, முழு லாக்கில் 'கடக்' சத்தம்

வண்டலூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு, 948 சி.சி., நாலு சக்கரத்துக்கும் ட்ரம் பிரேக். ஓடும்போது ஸ்டீரிங் பரவாயில்லை. நிறுத்தி எடுக்கும்போதுதான் தொல்லை. இடது பக்கம் முழுசா ஒடித்தால், அதாவது முழு லாக்கில், ஆட்டுக்கல்லைத் திருப்புகிற மாதிரி இறுகுது, இடது முன் சக்கரத்துக்குக் கீழே 'கடக்' என்று ஒரு சத்தமும் வருது. வளைவு முடிந்தபிறகு ஸ்டீரிங் தானாகத் திரும்பாமல் கையால் இழுக்க வேண்டியிருக்கு.

பார்த்தவரை: டயர் 155/80 ஆர் 13 ரேடியல், காற்று சரி. டை ராட் எண்ட் (ஸ்டீரிங் கம்பி சக்கரப் பக்கம் சேரும் மூட்டு) இரண்டும் புதுசு. ஸ்டீரிங் ராக்கின் (பல்சட்டத்தின்) ரப்பர் உறையில் கிழிசல் இல்லை. 1,000 கி.மீ.க்கு ஒருமுறை வாட்டர் சர்வீஸ் விட்டு எல்லா நிப்பிளிலும் (கிரீஸ் கன் மாட்டுகிற சின்ன முனை) கிரீஸ் அடிக்கிறார்கள், அதில் குறையே இல்லை. மெக்கானிக் ராக்கை இறக்கிப் பார்க்கலாம் என்கிறார். இறக்கலாமா?

இன்னொன்று: ஐடிலில் நிற்கும்போது கிளட்சை மிதித்தால் என்ஜின் சத்தம் லேசாக அமுங்குது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா? அடுத்த மாதம் ஏற்காடு போகிற திட்டம் இருக்கு.

ஸ்பேனர்_14:

ராக்கைத் தொடாதீங்க. ஒரே ஒரு கேள்வி: சக்கரத்துக்குக் கீழே, வெர்டிகல் லிங்கின் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் செங்குத்து இரும்பு) அடியில் இருக்கிற வெண்கல ட்ரன்னியனில் (லிங்க் திருகி நிற்கும் கூடு) நிப்பிள் மாட்டியிருக்கா, இல்லை சின்ன பிளக்கா? நிப்பிள் என்றால், 'எல்லா நிப்பிளிலும் கிரீஸ்' என்று நீங்க எழுதினதுதான் நோய்.

வண்டலூர்வாசி:

இரண்டு பக்கமும் நிப்பிள்தான் சார். கிரீஸ் அடிக்காவிட்டால்தானே தேயும்?

பழைய பட்டறை:

ஸ்பேனர் சொன்னது சரி. அந்த இடத்துக்குக் கிரீஸ் கூடாது, இ.பி. 90 கியர் ஆயில்தான். கம்பெனி கொடுத்த வண்டியில் அங்கே பிளக் இருந்தது. அதைக் கழற்றி, தற்காலிகமாக நிப்பிள் மாட்டி, ஆயில் நிரப்பின கன்னால் அடித்துவிட்டு, மறுபடி பிளக்கைப் போட வேண்டும். யாரோ சோம்பல்பட்டு நிப்பிளை அப்படியே விட்டிருக்கிறார்கள். வாட்டர் சர்வீஸ் பையனுக்கு நிப்பிள் கண்ணில் பட்டால் கிரீஸ் கன்தான் கைக்கு வரும். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஏன் கூடாது என்றால், ஹெரால்டின் அமைப்பு அப்படி. லிங்கின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும், அது ட்ரன்னியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டீரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த இரும்பு மரை வெண்கல மரைக்குள் சுழன்று கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். வண்டியின் முன்பாரம் அந்த மரையில்தான் நிற்குது. ஆயில் என்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் மரை வழியாக மேலே ஏறிவிடும். கிரீஸ் ஏறாது. அடியில் உள்ள குழியில் கட்டியாகத் தங்கி, நாளாக நாளாக மெழுகு மாதிரி இறுகி, பிறகு ஆயிலே அடித்தாலும் வழிவிடாது. மேலே உள்ள ரப்பர் ரிங் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, காய்ந்து கிடக்கிற மேல் மரையில் துரு பிடிக்கும். துருக்குழியில் விரிசல் தொடங்கும். ஹெரால்டின் திரும்பு வட்டம் வெறும் 25 அடி, சக்கரம் அவ்வளவு ஒடியும். நின்ற இடத்தில் முழு லாக் ஒடிக்கையில், இறுகின மரை சுழல மறுத்து, முறுக்கு முழுவதும் லிங்கின் கழுத்துக்குப் போகும். அங்கேதான் முறியும். சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிப் படுத்துவிடும். பெரும்பாலும் பார்க்கிங் வேகத்தில் நடக்கும் என்பது ஒரு அதிர்ஷ்டம். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவு அப்படி இல்லை. இதைச் சரிசெய்யாமல் மலை ஏற வேண்டாம்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கம் இரண்டையும் தூக்கி, சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை நம்பிக் கை விடாதீர்கள். டை ராட் எண்டை ஸ்டீரிங் ஆர்மிலிருந்து பிரியுங்கள். மரை மேல் அடித்தால் புது எண்ட் வீணாகும். ஆர்மின் கண் பகுதியில் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணை கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் கழன்றுவிடும். இப்போது சக்கரத்தைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்புங்கள். நல்ல ட்ரன்னியன் வெண்ணெயில் கத்தி போல ஒரே சீராகப் போகும். திக்கித் திக்கிப் போனாலோ, ஒரு இடத்தில் பிடித்தாலோ குற்றவாளி கிடைத்துவிட்டான்.

பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் போனால் வீல் பேரிங். போகவில்லை என்றால் ட்ரன்னியன், நைலான் புஷ் அல்லது மேல் பால் ஜாயிண்ட்.

கழற்றும் வேலை: ட்ரம், பேக் பிளேட்டை எடுத்துக் கம்பியால் மேலே கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் பாரம் விழக்கூடாது. ஸ்பிரிங்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ஷாக் அப்சார்பரோடு ஒரே கூட்டாக இருக்கு. மேல் நடு நட்டைத் திறக்காதவரை அது வெளியே வராது. இருந்தாலும் கீழ் ஆர்முக்கு அடியில் ஒரு ஜாக்கி அணையாக இருக்கட்டும். ட்ரன்னியனைக் கீழ் ஆர்மோடு சேர்க்கிற குறுக்கு போல்ட்தான் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். உள்ளே இருக்கிற இரும்பு ஸ்லீவோடு துருவேறி ஒன்றாகிப் போயிருக்கும். இரண்டு நாள் முன்பே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். அப்படியும் அசையாவிட்டால் சுத்தியலால் அடித்து ஆர்மை வளைக்காமல், ட்ரன்னியனுக்கும் ஆர்முக்கும் நடுவே ஹாக்சா பிளேடு விட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். போல்ட் போனால் போகட்டும். புதிதாகப் போடுவது ஹைடென்சில் போல்ட், புது நைலாக் நட்டு.

லிங்கிலிருந்து ட்ரன்னியனைத் திருகிக் கழற்றும்போது கவனம்: ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் வலது பக்கம் வலது மரை, இடது பக்கம் இடது மரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் கழலும்). உங்களுடையது இடது. எதிர்ப்பக்கம் திருகிவிட்டு 'இறுகிப்போச்சு' என்று பைப் போட்டு மடக்காதீர்கள்.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து மரையைப் பாருங்கள். மேல் மரைச் சுற்றுகளில் குழி இருந்தாலோ, கழுத்து மெலிந்திருந்தாலோ அந்த லிங்க் பழைய இரும்புக் கடைக்கு. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் விரிசல் சோதனை செய்யுங்கள். கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் என்று மூன்று டின் செட்டாக இண்டஸ்ட்ரியல் கடைகளில் கிடைக்கும். சாயம் அடித்து கால் மணி நேரம் விட்டு, துடைத்து, டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பி வரும்.

லேத் மணி, கோவை:

அண்ணா எழுதினதோடு ஒத்துப்போறேன், ஒரு விஷயம் சேர்க்கணும். பார்ட்ஸ் கிடைக்கலைன்னு நிறைய பேர் லிங்கையே லேத்துல கடையச் சொல்லிக் கொண்டுவர்றாங்க. செய்யாதீங்க. அது ஃபோர்ஜிங், சூடாக்கி அடிச்சு உருவாக்கினது. சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பியில கடைஞ்சு வெல்டு வெச்சா, வெல்டுக்குப் பக்கத்துலயே முறியும். தேய்ஞ்ச மரைக்கு வெல்டு ஏத்தி மறுபடி வெட்டுறதும் அதே கதைதான்.

லேத்துல செய்யக்கூடியது நைலான் புஷ், ஸ்லீவ், வாஷர். நைலான் ஈரம் குடிச்சு ஊதும், அதனால ஸ்லீவுக்கு இறுக்கமா கடையாதீங்க, கையால தள்ளினா நுழையணும். டெல்ரின்னு ஒரு பிளாஸ்டிக் கிடைச்சா அதுவே மேல், ஈரத்துக்கு அவ்வளவா ஊதாது. ட்ரன்னியனை கன்மெட்டல்ல (ஒரு வகை வெண்கலம்) வார்த்துக் கடையலாம், ஆனா மரை இடைவெளி சரியா வரணும்னா பழைய நல்ல பீஸ் ஒண்ணு அளவுக்கு வேணும். விலை பார்த்தா இங்கிலாந்துல இருந்து வரவழைக்கிறது கூட லாபம்.

அங்கே கிடைக்கும். நம்ம ஹெரால்டோட மூலமே இங்கிலாந்து டிரையம்ஃப் கம்பெனி கார்தான். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் எல்லாத்துக்கும் இதே குடும்ப சஸ்பென்ஷன்தான், லோட்டஸ் எலான்ல கூட டிரையம்ஃபோட இந்த லிங்க்கைத்தான் போட்டாங்க. அதனால பார்ட்ஸ் இன்னும் தயாராகுது. ஆனா டிஸ்க் பிரேக் லிங்க் உங்க ட்ரம் பேக் பிளேட்டுக்கு உட்காராமப் போகலாம். ஸ்டப் ஆக்சில் விட்டம், பேக் பிளேட் போல்ட் ஓட்டைகளோட தூரம், மரையோட வெளிவிட்டம் மூணையும் வெர்னியர்ல அளந்து, அந்த அளவோட கேட்டு ஆர்டர் போடுங்க. புதுப்பேட்டையில பழசு கிடைச்சா மரையைக் கழுவிப் பார்க்காம காசு கொடுக்காதீங்க, மேலே கிரீஸ் பூசி வெச்சிருப்பாங்க.

வண்டலூர்வாசி:

டை ராட் எண்டைப் பிரித்துப் பார்த்தாயிற்று. வலது சக்கரம் சீராகத் திரும்புது. இடது நடுவிலேயே பிடிக்குது. ட்ரன்னியனைக் கழற்றியதும் உள்ளே கரும்பழுப்பில் புளி உருண்டை மாதிரி கிரீஸ், ஸ்குரூடிரைவரால் குத்தித்தான் எடுக்க முடிந்தது. கீழ் மரை பளபளப்பு, மேலிருந்து இரண்டு மூன்று சுற்றுகளில் துருக்குழி. சாயத்தில் கோடு எதுவும் வரவில்லை. விரிசல் இல்லாததால் சுத்தம் செய்து மாட்டிவிடலாமா? வலது பக்கத்தைத் திறக்கவும் வேண்டுமா?

பழைய பட்டறை:

வேண்டாம். குழி இருக்கிற இடம் முறிகிற இடம். இன்றைக்குக் கோடு இல்லை என்றால் இன்னும் தொடங்கவில்லை என்றுதான் பொருள், தொடங்காது என்று இல்லை. இடது லிங்கையும் ட்ரன்னியனையும் ஜோடியாக மாற்றுங்கள். பழைய ட்ரன்னியனில் புது லிங்க் போட்டால் தேய்ந்த மரையில் ஆட்டம் நிற்கும். வலது பக்கமும் அதே கன்னால் அதே கிரீஸ் வாங்கின பக்கம்தான், அதையும் திறந்து பாருங்கள்.

மாட்டும்போது: ட்ரன்னியனுக்குள் ஆயிலை ஊற்றி, புது ரப்பர் ரிங்கை லிங்கில் ஏற்றி, கடைசிவரை திருகி, பிறகு இரண்டு பக்கமும் முழு லாக் தடையில்லாமல் போகும் அளவுக்குப் பின்னால் திருப்புங்கள். ஒரு சுற்றுக்கு மேல் தேவைப்படாது. அடிமுட்ட விட்டு மாட்டினால் முழு லாக்கில் லிங்க் ட்ரன்னியனின் அடியைப் போய் முட்டி அதை உடைக்கும். கீழ் ஆர்மைச் சேஸிஸிலிருந்து கழற்றினால் பிராக்கெட்டுக்குப் பின்னால் உள்ள ஷிம் (மெல்லிய தகடு) எத்தனை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, அதில்தான் இருக்கு. அந்த ஆர்மின் உள்பக்க ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்றபிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். முடிந்ததும் அலைன்மென்ட்.

புத்தகத்தில் ஆயிலுக்கு 6,000 மைல் என்று இருக்கும். நம் மழைக்கும் வாட்டர் சர்வீஸுக்கும் அது செல்லாது. 1,500 கி.மீ.க்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தேங்கின தண்ணீரில் இறங்கின மறுநாள் ஒருமுறை. சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஒருவர் ஸ்டீரிங்கை இரண்டு லாக்குக்கும் ஒடித்துக்கொண்டே இருக்க, மேல் ரப்பர் ரிங் ஓரத்தில் ஆயில் கசிந்து வரும்வரை அடியுங்கள். இதற்கென்று தனி கன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸ் கன்னில் ஆயில் ஊற்றினால் பிஸ்டன் ஓரமாக ஒழுகும், அதனால் வேலை முடிந்ததும் மிச்சத்தை வடித்துவிடுங்கள். கடைசியாக நிப்பிளைக் கழற்றிப் பிளக் போட்டு, அதன் மேல் சிவப்புப் பெயிண்ட் ஒரு பொட்டு வையுங்கள்.

ஸ்பேனர்_14:

கியர் ஆயில் ஜி.எல்.4 தரமா ஜி.எல்.5 தரமா என்று அடுத்த கேள்வி வரும். ஜி.எல்.5-ல் உள்ள கந்தகம் வெண்கலத்தை அரிக்கும் என்பது சூடேறும் இடத்துக்குத்தான் பெரிய கவலை. ட்ரன்னியன் சூடேறாது, கையில் இருப்பதை ஊற்றலாம். கியர்பாக்ஸுக்கு மட்டும் ஜி.எல்.4-ஐ விட்டு நகராதீர்கள், உள்ளே வெண்கல சிங்க்ரோ ரிங் இருக்கு.

கிளட்ச் விஷயத்துக்கு யாரும் பதில் எழுதவில்லை. ஸ்டீரிங்கோடு சம்பந்தம் இல்லை, ஆனால் அலட்சியப்படுத்தவும் கூடாது. கிளட்ச் மிதிக்கும்போது கிராங்க் (என்ஜினின் சுழல் தண்டு) முன்னால் தள்ளப்படுது. அதைத் தாங்குவது பின் மெயின் பேரிங்கில் உள்ள இரண்டு அரைவட்ட த்ரஸ்ட் வாஷர். என்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரைக் கிளட்ச் மிதித்து விடச் சொல்லி, கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னும் பின்னும் நகர்ந்தால் வண்டியை எடுக்காதீர்கள். டயல் கேஜ் வைத்தால் 0.10 முதல் 0.20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கூடினால் என்ஜினை இறக்காமலே சம்ப்பை (என்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றி, பின் மெயின் கேப்பை எடுத்து, பழைய வாஷரைச் சுற்றித் தள்ளி வெளியே எடுத்துவிட்டுப் புதியதை நுழைக்கலாம். ஆயில் பள்ளம் வெட்டின முகம் கிராங்க் பக்கம். தலைகீழாகப் போட்டால் சில நூறு கி.மீ.யில் தேய்ந்துவிடும். 5 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) ஓவர்சைஸும் உண்டு.

சம்ப்புக்குள் ஏற்கெனவே வாஷர் துண்டு விழுந்து கிடந்தால் கதை வேறு. கிராங்க் பிளாக்கையே தின்னத் தொடங்கியிருக்கும், அப்போது என்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும். அதுவரை சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலில் போடுங்கள்.

வண்டலூர்வாசி:

புல்லி கண்ணுக்குத் தெரிந்து நகரவில்லை, சனிக்கிழமை டயல் கேஜ் வைத்து அளவு போடுகிறேன். வலது ட்ரன்னியனிலும் கிரீஸ்தான், ஆனால் இன்னும் இளக்கமாக இருக்கு, மரையில் துரு இல்லை. லிங்க் அளவுகளை எடுத்துக் கேட்டு அனுப்பியாயிற்று. ஏற்காட்டுக்கு பஸ்.