கீமோவும் சுகரும் சேர்ந்து இருக்கறவங்களுக்கு ஃப்ளூ ஊசி போடலாமா?

வேளச்சேரி_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு, சுகர் ரொம்ப வருஷமா இருக்கு, இந்த வருஷம் இடது மார்புல கேன்சர்னு தெரிஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு அக்குள்ல நெறிக்கட்டியும் எடுத்தாச்சு, இப்ப மூணு வாரத்துக்கு ஒருதடவை கீமோ. அதோட டெக்ஸான்னு ஸ்டீராய்டு வேற போடறதால சாயங்காலம் ஆனா சுகர் எகிறிடுது, இன்சுலின் கூட்டிதான் சமாளிக்கிறோம். ஐப்பசி மழை ஆரம்பிச்சுடுச்சு, எங்க அபார்ட்மென்ட்ல வீட்டுக்கு வீடு ஜுரம் இருமல். சுகர் டாக்டர் ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி ரெண்டும் போடச் சொல்றார், பெரியம்மா என்னடான்னா இவ இருக்கற நிலமைல கிருமிய ஊசில ஏத்தினா தாங்குவாளாடின்னு அழறாங்க. வீட்ல கைக்குழந்தையும் இருக்கு, எப்பவும் பாட்டி மடிதான். அவனுக்கு போலியோ சொட்டு குடுத்தா அம்மாவுக்கு ஏதாவது ஆகுமா? ரொம்ப பயமா இருக்கு, அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

பெரம்பூர்_அண்ணன்:
பயப்படாதம்மா. தோள்ல போடற ஃப்ளூ ஊசில உயிரோட கிருமி கிடையாது, செத்த வைரஸோட துண்டுங்கதான், அதால ஃப்ளூ வரவே வராது. நிமோனியா ஊசியும் அப்படித்தான். இத பெரியம்மாகிட்ட பொறுமையா சொல்லு, அவங்க பாசத்துலதான் அழறாங்க. கீமோ நேரத்துல கூடாதது உயிருள்ள தடுப்பூசிங்க, மூக்குல அடிக்கிற ஃப்ளூ ஸ்ப்ரே, சின்னம்மை, தட்டம்மைக்கு போடற எம்எம்ஆர், மஞ்சள் காய்ச்சல் ஊசி, இதெல்லாம்.

எங்கப்பாவுக்கு லிம்ஃபோமா, அதாவது நெறில வர்ற கேன்சர், கூடவே சுகர். ரிட்டுக்சிமாப் ஏறினதால எங்க டாக்டர் சில ஊசியை தள்ளி வச்சார், ஏன்னா அந்த மருந்து ஆன்டிபாடி செய்யற செல்லையே காலி பண்ணிடும், முடிஞ்சு 6 மாசம் வரைக்கும் போடற தடுப்பூசிக்கு உடம்பு சரியா பதில் குடுக்காது. அதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஹெபடைட்டிஸ் பி டெஸ்டும் எடுத்தாங்க. அதனால அம்மாவுக்கு என்ன மருந்து ஏறுதுன்னு பாத்து கேன்சர் டாக்டர்தான் நாள் குறிக்கணும், சுகர் டாக்டர் சொன்னார்னு பக்கத்து க்ளினிக்ல நீங்களா போய் போட்டுக்காதீங்க. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்கவும் வேணாம், கீமோ ஏத்தற டேகேர் வார்டுக்கு ஒரு போன் போட்டாலே கேட்டு சொல்லிடுவாங்க.

டேகேர்_நர்ஸ்:
கீமோ வார்டுல வேலை பாக்கறேன்மா. மூணு வார கீமோன்னா ஏறினதுலேர்ந்து ஒரு வாரம் ரெண்டு வாரம் வாக்குல வெள்ளணு ரொம்ப இறங்கி இருக்கும், அப்ப போடறத தவிர்ப்பாங்க, அடுத்த சைக்கிளுக்கு கொஞ்சம் முன்னாடி கவுண்ட் ஏறினப்புறம் போடறதுதான் நிறைய இடத்துல வழக்கம். கீமோ தொடங்கறதுக்கு 2 வாரம் முன்னாடியே போட்டிருந்தா இன்னும் நல்லது, ஆனா இப்ப போட்டாலும் பிரயோஜனம் உண்டு. பாதுகாப்பு கொஞ்சம் கம்மியா கிடைக்கலாம், அவ்ளோதான். சுகர் கன்ட்ரோல்ல இல்லன்னா வெள்ளணுங்க வேலையும் மந்தமாயிடும், அதான் இவங்களுக்கு சாதாரண ஃப்ளூ கூட சீக்கிரமா நிமோனியால போய் நிக்குது.

இடது அக்குள்ல நெறி எடுத்திருக்கறதால வலது கைலயே போடச் சொல்லுங்க. ப்ளேட்லெட் கம்மியா இருந்தா முன்கூட்டியே சொல்லணும், சின்ன ஊசி போட்டு ரெண்டு நிமிஷத்துக்கு மேல தேய்க்காம அழுத்திப் புடிப்பாங்க. அடுத்த ரெண்டு நாள் சுகர் லேசா ஏறலாம், கூட ஒருதடவை குத்திப் பாருங்க.

ரொம்ப முக்கியம்: ஜுரம் 100.4க்கு வந்தா ஊசி ஜுரம்தான்னு வீட்ல படுக்க வச்சுடாதீங்க. கீமோல இருக்கறவங்களுக்கு அது எமர்ஜென்சி, நடுராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு கிளம்பிடணும். தெர்மாமீட்டர் வைக்காம பாராசிட்டமால் குடுத்தா ஜுரம் மறைஞ்சுடும், அப்புறம் எங்களுக்கே தெரியாம போயிடும்.

வேளச்சேரி_பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சிஸ்டர். வலது கை விஷயம் யாருமே சொல்லல. நிமோனியா ஊசி ரெண்டு விதம் இருக்காமே, எது போடணும்? குழந்தை விஷயமும் சொல்லுங்களேன்.

டேகேர்_நர்ஸ்:
பிசிவி 20 கிடைச்சா ஒண்ணே போதும்மா. பிசிவி 13ன்னா 8 வாரம் கழிச்சு பிபிஎஸ்வி 23 போடணும், எதுன்னு உங்க டாக்டர் எழுதித் தருவார். அக்கி வராம இருக்க ஷிங்ரிக்ஸ்னு ஒண்ணு இருக்கு, 2023லேர்ந்து இங்க கிடைக்குது, அதுலயும் உயிருள்ள வைரஸ் இல்ல. விலை ஜாஸ்தி, ஆனாலும் கேட்டுப் பாருங்க, இவங்க வயசுக்கும் நிலமைக்கும் அக்கி வந்தா அந்த எரிச்சல் மாசக்கணக்குல படுத்தும்.

குழந்தையோட தடுப்பூசி எதையும் நிறுத்தாதீங்க. வீட்ல கீமோ எடுக்கறவங்க இருக்காங்கன்னு குழந்தை டாக்டர்கிட்ட சொன்னா சொட்டுக்கு பதிலா ஊசி போலியோ போடுவாங்க. சொட்டு மருந்தோட வைரஸ் மலத்துல சில வாரம் வெளியாகும், ரோட்டா சொட்டும் அப்படித்தான், அதனால பாட்டி டயப்பர் மாத்த வேணாம், மாத்தறவங்க சோப்பு போட்டு கைகழுவணும். நீங்க, உங்க வீட்டுக்காரர், அடிக்கடி வந்து போற பெரியம்மா எல்லாரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கோங்க, வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும், மழை வலுக்கறதுக்குள்ள இந்த வாரமே போயிடுங்க.

பெரம்பூர்_அண்ணன்:
ஒண்ணு விட்டுப்போச்சு. எந்த தேதில எந்த கைல போட்டாங்கன்னு ஃபைல்ல எழுதி வைம்மா. ஊசி போட்டப்புறம் அந்தப் பக்க அக்குள்ல நெறி கட்டறது உண்டு, கேன்சர் இருக்கற இடத்தை மின்ன வச்சு காட்டற பெட் ஸ்கேன் எடுத்தா அதுவும் மின்னும், தேதி தெரிஞ்சாதான் டாக்டரால பிரிச்சுப் பாக்க முடியும்.